கடைமடைக்கு வந்த காட்சி ஓடை

(உரையின் எழுத்து வடிவம்)

   

1997ஆம் ஆண்டு சூன் 7ஆம் நாள், தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் குடமுழுக்குக்கென அமைத்திருந்த வேள்விப் பந்தல் தீப்பற்றி எரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்கொடுஞ்செய்தி வானொலி வழியாகவும் தொலைக்காட்சி வழியாகவும் மறுநாட் செய்தித்தாள் வழியாகவும் ஊரூராகப் பரவியது. சிற்றூர்களில் தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீடு ஒன்றோ இரண்டோதான். அவ்வீட்டுக் கூடத்தில் தெருவே கூடி நின்றது, கூடியே கண்டது, கூடியே அழுதது.

அதே கோயிலில் அடுத்த குடமுழுக்கு 2020ஆம் ஆண்டு பிப்பிரவரி 5ஆம் நாள் நிகழ்ந்தது. இடைப்பட்டவை இருபத்திரண்டு ஆண்டுகளும் சில திங்களும். இம்முறை கோயிலுக்கு வர இயலாதார் தொலைக்காட்சியில் மட்டுமன்றித் தத்தம் கைப்பேசியிலும் அதை நேரலையாகக் கண்டனர். ஒரே வீட்டில் பாட்டி ஒரு திரையில் குடமுழுக்கைக் காண, பெயரன் வேறொரு திரையில் வேறெதையோ கண்டுகொண்டிருக்கும் காலம் வந்துவிட்டிருந்தது.

அக்குடமுழுக்கை ஒட்டி எழுந்த மொழிப்போரை இவ்வவை மறந்திராது. தமிழ் மன்னன் எடுத்த கற்றளியில் தமிழ் ஒலிக்க வேண்டும் என்று தஞ்சைப் பெரிய கோயில் உரிமை மீட்புக் குழுவினர் முழங்கினர், வழக்கும் தொடுக்கப்பட்டது. தமிழிலும் வடமொழியிலும் குடமுழுக்கு நடைபெறும் என்று அரசுத் தரப்பு உறுதி கூற, சனவரி 31இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதனை ஏற்றுத் தீர்ப்பளித்தது. இரண்டுக்கும் சம இடம் என்ற அளவில் அது அரைவெற்றியே. ஆயினும் வெற்றிதான்.

ஆனால் எண்ணிப் பாருங்கள். கோயிலினுள் ஒலித்த தமிழ் எட்டியது அங்கே நின்றிருந்தோர் செவிக்கு. வீட்டிலிருந்து கண்ட பன்னூறாயிரவர் செவிக்கு எது எட்ட வேண்டும் என்பதை முடிவு செய்தது, ஒலிவாங்கி எங்கே வைக்கப்பட்டது, எந்த நேரத்தில் எந்தக் காட்சி காட்டப்பட்டது என்பதே. கோயிலுக்குள் தமிழை நுழைக்க வழக்காட ஒரு மன்றம் இருந்தது. திரைக்குள் தமிழை நுழைக்க எந்த மன்றத்தில் வழக்காடுவது? இன்றைய சிக்கலின் வேர் இவ்வினாவில்தான் இருக்கிறது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகத்து 15இல் தொடங்கியது. அதன் அலைகள் கழனி நாட்டை எட்டப் பல்லாண்டுகள் ஆயின. அதற்குள் 1982இல் இலங்கையின் உரூபவாகினி வந்துவிட்டது. நாகையிலும் திருமறைக்காட்டிலும் கடலோரத்து ஊர்களில் உயர்ந்த கம்பம் நட்டு, அதன் உச்சியில் அலைவாங்கியைக் கட்டி, கடல் கடந்து வந்த காட்சியைக் கண்டனர். இலங்கை வானொலித் தமிழில் தோய்ந்த செவிகள் அல்லவா அவை! சென்னையைவிடக் கொழும்பு அவர்களுக்கு அண்மையில் இருந்தது.

பிறகு தில்லி வந்தது. 1982 ஆகத்து 15 முதல் நாடு முழுமைக்கும் ஒரே நிகழ்ச்சி என்னும் ஏற்பாட்டைக் கொணர்ந்தனர். மாலையில் தமிழ் பேசிய பெட்டி இரவானதும் இந்தி பேசியது. அதைக் கண்டு தமிழ்நாடு சினந்தது, கண்டித்தது. அச்சினத்துக்கு ஒரு முகவரி இருந்தது என்பதே இங்குக் குறிக்கத்தக்கது. அந்த நிலையத்தின் வாயிலுக்குப் போய் முழங்கலாம், மறியல் செய்யலாம், சட்டமன்றத்தில் பேசலாம். (அந்நிலையத்தின் பொன்விழாவையும் இந்தித் திங்கள் நிறைவு விழாவையும் 2024 அக்தோபரில் ஒன்றாகவே நடத்தினர் என்பது, சில செய்திகள் ஐம்பதாண்டிலும் மாறாதவை என்று காட்டும்.)

1993இல் சன் தொலைக்காட்சி வந்ததும் செயற்கைக்கோளும் கம்பிவடமும் அந்த நிலையை மாற்றின. தெருவுக்குத் தெரு வடம் இழுத்த இளைஞனை மக்கள் ‘கேபிள்காரர்’ என்றே அழைத்தனர். சொல் ஆங்கிலமேயாயினும் ஆள் நம்மூர் ஆள். மழையில் வடம் அறுந்தால் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். பல ஊர்களில் அவர் தமக்கென ஓர் உள்ளூர் அலைவரிசையும் வைத்திருந்தார். ஊர்த் தேரோட்டமும் பள்ளி ஆண்டுவிழாவும் இறப்பு அறிவிப்பும் அதில் வந்தன. பெருந்தொலைக்காட்சிகள் ஒருநாளும் காட்டாத முகங்களை அது காட்டியது. அதன் மதிப்பை அது இருந்தபோது எவரும் உணரவில்லை.

2006 செப்தம்பரில் தமிழக அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விலையின்றி வழங்கத் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் குடிசைதோறும் சென்றன. பெட்டி கொடுத்த அரசு வடத்தையும் தன் கையில் கொள்ள எண்ணி, 2007இல் அரசு கம்பிவடத் தொலைக்காட்சி நிறுவனத்தை அமைத்தது. அதன் முதல் தலைமை நிலையங்கள் நான்கு: தஞ்சாவூர், கோவை, திருநெல்வேலி, வேலூர். ஆம், தஞ்சையும் ஒன்று. ஆற்றுக்குத் தலைமதகு போலக் காட்சிக்கும் ஒரு தலைமதகு இம்மண்ணில் அமைந்தது. 2011 செப்தம்பர் 2 முதல் திங்களுக்கு எழுபது உருபாய்க் கட்டணத்தில் தொண்ணூறு அலைவரிசைகள் என்று அது புத்துயிர் பெற்றது. அது ஆளுங்கட்சிகளின் போட்டியில் சிக்கிய கதை தனிக்கதை, இங்கு வேண்டா.

வேண்டிய செய்தி இதுதான். எண்முறை ஒளிபரப்புக்கு மாற நடுவணரசின் உரிமம் வேண்டியிருந்தது. மாநில அரசுகள் இத்துறையில் இறங்கலாகாது என்று 2012இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பரிந்துரைத்தது. தமிழ்நாடு காத்திருந்தது, கடிதம் எழுதியது, மீண்டும் எழுதியது. உரிமம் வந்தது 2017 ஏப்பிரலில். அதற்குள் 2016 செப்தம்பரில் சியோ தன் இணைப்பைத் திறந்துவிட்டிருந்தது. நெட்பிளிக்சும் அமேசானும் அதே ஆண்டில் இந்நாட்டுக்குள் நுழைந்துவிட்டிருந்தன. மதகின் திறவுகோல் தஞ்சையின் கைக்கு வந்தபோது நீர் வேறு வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது!

அவ்வாய்க்காலை ‘ஊடக ஓடை’ என்று தமிழில் குறிக்கின்றனர். நல்ல சொல். ஓடையும் காலும் மதகும் மடையும் நாள்தோறும் புழங்கும் நாட்டில் ‘ஓ.டி.டி.’ என்று நாவைச் சுழற்ற வேண்டிய தேவையென்ன? ஆனால் இவ்வோடையின் தலைப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால், மும்பையிலும் கலிபோர்னியாவிலும் இருக்கிறது. அடுத்து எதைக் காட்டுவது என்று பார்ப்பவரின் பழக்கத்தை எண்ணிக் கணக்கிடும் பொறி ஒன்று முடிவு செய்கிறது. அதற்கு வாயிலும் இல்லை, மறியல் செய்ய வழியும் இல்லை.

இதன் அரசியற் கூறு பலர் நோக்காதது. அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், நாடகமும் திரையரங்கும் திரைப்படமும் மாநிலப் பட்டியலின் 33ஆம் இனத்தில் உள்ளன. தணிக்கை நடுவணரசினது என்றாலும், கொட்டகைக்கு உரிமமும் காட்சிக்கு வரியும் மாநிலத்தின் கையில் இருந்தன. ஒளிபரப்பும் தொலைத்தொடர்பும் ஒன்றியப் பட்டியலின் 31ஆம் இனம். திரைப்படம் கொட்டகையை விட்டுக் கைப்பேசிக்குள் புகுந்த அன்றே, ஒரு வரி திருத்தமும் இன்றி, மாநிலப் பட்டியலிலிருந்து நழுவி ஒன்றியப் பட்டியலுக்குள் போய்விட்டது! 2021 பிப்பிரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் அதை எழுத்திலும் உறுதிசெய்தன. ஓடைக்காட்சிகளைக் கண்காணிக்கும் அதிகாரம் தில்லியினது.

இதனால் தமிழ் இழந்தது என்ன? 2006இல் தமிழ்ப் பெயர் சூட்டிய படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு என்று அரசு ஆணையிட்டது. வரிக்கு அஞ்சியேனும், ஆங்கிலப் பெயர் சூட்டியே பழகியோர் தமிழ்ப் பெயர் தேடினர். தமிழ்ப்பற்றால் தேடினாரில்லை என்று நகைக்கலாம். சுவரொட்டியில் தமிழ் நின்றதே! ஓடையில் வரும் தொடருக்கு அத்தகைய கடிவாளம் எதுவும் இல்லை. 2022இல் அமேசானில் வெளிவந்த தொடருக்குச் ‘சுழல்’ என்று அருமையான பெயர். ஆற்றங்கரையார் அனைவரும் அறிந்த சொல். ஆனால் அது தனியே நிற்க அஞ்சி, ‘தி வோர்டெக்சு’ என்னும் ஆங்கில ஒட்டொன்றை இழுத்துக்கொண்டு வந்தது. சுழலென்றால் தமிழனுக்குப் புரியாதா?

ஓடை முற்றும் தீது என்று கூறுவது முறையன்று. 2023இல் வந்த ‘அயலி’ என்னும் எட்டுப் பகுதித் தொடரை நோக்குக. புதுக்கோட்டைப் பகுதிச் சிற்றூரொன்றில், பூப்பெய்தியதும் பள்ளியை விட்டு நிறுத்தப்படும் பெண்பிள்ளைகளின் கதை. பெயர் தமிழ், பேச்சு தமிழ், வழக்கு அம்மண்ணின் வழக்கு. மருமகள் அழுகையையே ஆண்டுக்கணக்கில் இழுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கிடையில், எட்டே பகுதியில் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தது. அப்படைப்பை வீடுகளுக்குக் கொண்டுவந்தது ஓடையே.

அதே புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் ஓர் உழவர் குடும்பம். தாத்தாவும் பெயரன்மாரும் வயல்வெளியில் அடுப்பு மூட்டி, அண்டா அண்டாவாகச் சமைத்து, ஊராருக்குப் படைக்கின்றனர். அதைப் படம்பிடித்து வலையொளியில் இட்டனர். 2021இல் ஒரு கோடிப் பேர் அதில் இணைந்தனர். தமிழ் வலையொளியில் அவ்வெண்ணிக்கையை எட்டிய முதல் குழு அதுவே. அங்கே பேசப்படுவது கலப்பில்லா ஊர்த்தமிழ். உலகெங்கும் அதைக் கேட்கின்றனர். அக்குழுவின் பெயர் என்ன? ‘வில்லேச் குக்கிங் சேனல்’. வாயில் தமிழ் இருக்க, வாயிலில் ஆங்கிலம்! அவ்வுழவரைக் குறைகூறுவது பிழை. தேடுபவர் கண்ணில் படுவதற்கு ஆங்கிலப் பெயரே உதவும் என்று நம்பும் நிலையை உண்டாக்கியது எது என்றுதான் கேட்க வேண்டும்.

முகப்பிலும் இந்நிலையே. நெட்பிளிக்சு 2020 ஆகத்தில் தன் முகப்பை இந்தியில் அமைத்தது. தமிழுக்கு அன்று அவ்விடம் இல்லை. தமிழ்ப் படத்தைத் திறந்தால் கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். தமிழ் எழுத்து ஓடுவது அரிது. காது கேளாத தமிழர் தமிழ்ப் படத்தை எம்மொழியில் படிப்பது? பிறநாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளை, செவிவழிக் கேட்ட சொல்லை எழுத்தில் காண்பதற்கு இதைவிட எளிய வாய்ப்பு ஏது? தமிழ்ப் படைப்புக்குத் தமிழ் எழுத்துரை கட்டாயம் என்று சட்டமன்றம் ஒரு தீர்மானம் இயற்றலாம். கட்டணம் செலுத்தும் ஒவ்வொருவரும் அந்நிறுவனங்களுக்கு எழுதிக் கேட்கலாம். விற்பவன் வாங்குவோனின் குரலைத்தான் கேட்பான். தமிழ்நாடு சிறிய சந்தை அன்று.

அதற்கு முன்னதாக வீட்டில் முடியும் வேலை ஒன்றுண்டு. கைப்பேசியின் அமைப்புப் பகுதியில் மொழி என்னும் இடத்தைத் திறந்தால் தமிழ் இருக்கிறது. சற்றே கீழே இழுக்க வேண்டும், அவ்வளவே. அதைத் தொட்டால், குடமுழுக்கைக் கண்ட அந்தப் பாட்டி, பெயரனை அழைக்காமல் தானே எழுத்துக்கூட்டி, தனக்கு வேண்டியதைத் தேடிக்கொள்வாள்.