கதை மாந்தருக்கு ஒப்பனை



சிங்கப்பூரின் கிழக்குக் கோடியிலே சாங்கி என்றோர் இடம் இருக்கிறது. பிரயாணிகளுக்கு அது விமான நிலையம். வயதானவர்களுக்கு அது சிறைச்சாலை. கடலோரமாகப் போனால் சாங்கி வில்லேஜில் நம்முடைய ராமர் கோயில் ஒன்றும் உண்டு. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒப்பனை. தோட்டத்துத் திருவிழாவிலும் பள்ளிக்கூட விழாவிலும் பிள்ளைகள் கதை நாடகம் போடுகிறார்கள். அதில் வருகிற பாட்டிக்கும் பூதத்துக்கும் ராஜகுமாரிக்கும் முகத்தையும் தலைமுடியையும் எப்படி அமைப்பது என்பதுதான் விஷயம். இதற்குச் சாங்கி எதற்கு என்று கேட்பீர்கள். கடை கண்ணி எதுவும் இல்லாமல் ஒப்பனை நடந்த இடம் அது.

1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. பிடிபட்ட ஆங்கிலேய, ஆஸ்திரேலியப் போர்வீரர்கள் ஏறக்குறைய 50,000 பேர் சாங்கியிலிருந்த படைமுகாம்களில் அடைக்கப்பட்டார்கள். சோற்றுக்கும் பஞ்சம், மருந்துக்கும் பஞ்சம். அந்த நிலையிலும் அவர்கள் நாடகக் குழுக்கள் சேர்த்து மேடை கட்டி ஆடினார்கள். பெண் வேடத்தை ஆண்களே கட்டினார்கள். கொசுவலையைக் கிழித்து உடை தைத்தார்கள். கயிற்றைப் பிரித்துக் கூந்தல் செய்தார்கள். 1944-இல் போர்க்கைதிகளைச் சிறைக்கட்டடத்துக்கு மாற்றிய பிறகு அங்கேயும் நாடகம் நடந்தது. ரொனால்ட் சேர்ல் என்ற இளைஞர் அதற்குக் காட்சித் திரைகள் எழுதிக் கொடுத்தார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் பெயர்பெற்ற சித்திரக்காரர்களில் ஒருவரானவர் அவர்.

ஆண்கள் பெண் வேடம் கட்டுவது வெள்ளைக்காரர்களுக்குப் பழக்கமானதுதான். கிறிஸ்துமஸ் காலத்தில் சிண்டரெல்லா, அலாவுதீன் போன்ற கதைகளை நாடகமாகப் போடும்போது, பொல்லாத கிழவியாக மீசை மழித்த ஓர் ஆண்பிள்ளையை நிறுத்துவது அவர்கள் ஊர் வழக்கம். நமக்கும் இது புதிதல்ல. 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய பாலர் சபையிலே பையன்களே ராணியாகவும் தோழியாகவும் நடித்தார்கள். அந்தச் சபையில் வளர்ந்த டி.கே. சண்முகம், சாங்கியிலே கைதிகள் ஆடிக்கொண்டிருந்த அதே 1940-களில், முப்பது வயதை ஒட்டிய ஆண்மகனாக இருந்துகொண்டு அவ்வைப் பாட்டியாக மேடையேறினார். அவ்வை சண்முகம் என்றே பிறகு அவருக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

சாங்கியில் இன்னொரு காரியமும் நடந்தது. அது மேடை ஒப்பனை அல்ல, சுவர்ச் சித்திரம். ஆனாலும் ஒப்பனை செய்கிறவர்களுக்கு அதிலே நல்ல பாடம் இருக்கிறது. ராபர்ட்ஸ் முகாமின் மருத்துவமனையில் ஸ்டான்லி வாரன் என்ற கைதி நோயாளியாகக் கிடந்தார். 1942-இல் அங்கிருந்த சிற்றாலயத்தின் சுவரிலே பைபிள் காட்சிகளைத் தீட்டத் தொடங்கினார். வர்ணத்துக்கு எங்கே போவது? இராணுவத் தளவாடங்களுக்குப் பூசுகிற பழுப்பு வர்ணம், கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் சிவப்பு, பில்லியர்ட்ஸ் கோலின் நுனியில் தேய்க்கிற நீலச் சாக்குக்கட்டி, இவ்வளவுதான் நண்பர்கள் தேடிக்கொண்டு வந்து தந்தது. உள்ள வர்ணத்தை வைத்துக்கொண்டு பெரிய பெரிய உருவங்களாக, அகலமான தீற்றல்களாக வரைந்தார். தூரத்திலிருந்து பார்த்தாலும் யார் யார் என்று தெரிகிறது.

மேடை ஒப்பனைக்கும் அதுதான் முதல் விதி. முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மானேஜருக்கும் தலைமையாசிரியருக்கும் நாம் முகம் எழுதுவதில்லை. கடைசியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு எழுதுகிறோம். அங்கிருந்து பார்த்தால் மெல்லிய கோடு எதுவும் தெரியாது. புருவம், கண்ணின் கீழ்விளிம்பு, உதடு, இந்த மூன்றும் தெரியும். இவற்றைவிட முன்னதாகத் தலைமுடியின் உருவம் தெரியும். ஆகவே முதலில் முடியைத் தீர்மானியுங்கள். விரித்த தலையா, கொண்டையா, சடையா, மொட்டையா என்பதிலேயே பாதி வேடம் முடிந்துவிடும்.

டோப்பா செய்வது கடினமான வேலை அல்ல. பழைய துணியில் தலைக்கு இறுக்கமான குல்லாய் ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். சணல் கயிற்றை முறுக்குப் பிரித்து நாராக்குங்கள். பிரித்த நார் சுருள் சுருளாக இருக்கும். பூதத்துக்கும் சூனியக்காரிக்கும் அப்படியே விடலாம். நேரான கூந்தல் வேண்டுமானால் நாரை நனைத்து, நுனியில் ஒரு கல்லைக் கட்டி ஓர் இரவு தொங்கவிடுங்கள். பிறகு குல்லாயில் வைத்துத் தைக்க வேண்டும். கூரை வேய்வது எப்படி? கீழேயிருந்து மேலே போவோம் அல்லவா? அதே மாதிரி பிடரியில் முதல் வரிசை, அதன்மேல் அடுத்தது, உச்சியில் வகிடு கடைசி. மேலே தொடங்கினால் குல்லாய்த் துணி பல்லைக் காட்டும். கறுப்புக்குத் துணிச்சாயம் போதும். நரையும் பழுப்பும் கலந்த கிழட்டு முடி வேண்டுமானால் கெட்டியான தேயிலைச் சாயத்தில் நாரை ஊறவையுங்கள்.

இனிப் பாட்டி. எட்டு வயதுப் பெண்ணின் முகத்தில் கண்டபடி கோடு கிழித்தால் அது சிலந்தி வலை மாதிரித்தான் இருக்கும். அந்தப் பெண்ணையே முகம் சுளிக்கச் சொல்லுங்கள், பிறகு சிரிக்கச் சொல்லுங்கள். நெற்றியிலும் வாயோரத்திலும் எங்கே மடிகிறதோ அங்கே மட்டும் பழுப்பு மை தடவி, விரலால் ஒரு பக்கம் தேய்த்துக் கலைத்துவிடுங்கள். கன்னக்குழியில் கொஞ்சம் நிழல். முகத்தைக் கிழடாக்கிவிட்டுக் கையை மறந்துவிடாதீர்கள். வடை சுடுகிற பாட்டியின் கையைத்தான் சபை பார்த்துக்கொண்டிருக்கும்.

பூதத்துக்குப் புருவத்தை மேல்நோக்கித் தூக்கி, கண்ணுக்குக் கீழே அகலமாகக் கறுப்பு வையுங்கள். மேடை விளக்கு நீலமோ பச்சையோ ஆனால் சிவப்புப் பூச்சு கறுப்பாகத்தான் தெரியும். ஒத்திகையிலேயே விளக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். பொய்மூக்கு வேண்டுமா? ஹாலிவுட்டில் இந்த வேலைக்கு ரப்பரைப் பயன்படுத்தினார்கள். 1939-இல் வந்த ஓஸ் மந்திரவாதி படத்தின் சிங்கத்துக்கும் சோளக்கொல்லைப் பொம்மைக்கும் முகம் நுரை ரப்பர். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளிலிருந்து பரவிய மரத்தின் பால், கடல் கடந்து போய்ச் சிங்கமுகமானது வேடிக்கைதான். ஆனால் மங்கிலிருக்கும் பாலைப் பிள்ளையின் முகத்தில் தடவிவிடாதீர்கள். புருவமயிரோடு பிடித்துக்கொள்ளும், சிலருக்குத் தோல் தடிக்கும். காகிதத்தை ஊறவைத்துக் கஞ்சி சேர்த்து அரைத்து மூக்கு செய்து, காய்ந்ததும் நூல் கோத்துக் கட்டுங்கள்.

ராஜகுமாரியைப்பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். ராஜகுமாரி என்றால் வெள்ளை மாவை அப்ப வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. கறுத்த பிள்ளையின் முகத்தில் வெள்ளையை அப்பினால் விளக்கொளியில் அது சாம்பலாகத் தெரியும். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். பார்க்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அவளோடு வீட்டுக்கும் வரும். அவள் நிறத்தை அப்படியே விடுங்கள். கண்ணுக்கு அழுத்தமான மை, உதட்டுக்குச் சிவப்பு, நெற்றிச்சுட்டி, தலை நிறையப் பூ. இவை போதும், எவரும் அவளை ராஜகுமாரி அல்ல என்று சொல்லமாட்டார்கள்.

சிண்டரெல்லா கதையில் ஒரு சங்கடம் உண்டு. அடுப்படியில் கரிபடிந்து கிடந்த பெண் இரண்டு நிமிஷத்தில் அரண்மனைக்குக் கிளம்ப வேண்டும். முகத்தை மாற்ற நேரம் கிடையாது. அதனால் ராஜகுமாரிக்குரிய ஒப்பனையை முதலிலேயே முடித்துவிடுங்கள். அதன்மேல் கன்னத்திலும் தாடையிலும் மட்டும் எண்ணெயில் குழைத்த சிரட்டைக் கரியை இழுவுங்கள். திரைக்குப் பின்னே எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, விரித்த முடியை அள்ளிக் கொண்டை, அதன்மேல் பூச்சரம். அடுப்புச் சாம்பலை மட்டும் எடுக்காதீர்கள். வியர்வை பட்டால் அது காரமாகித் தோலைப் புண்ணாக்கும்.

இந்த வித்தைகளில் பல நம் கூத்து வாத்தியார்களுக்குக் கைவந்தவை. ஆனால் எழுதிவைத்தவர்கள் எத்தனை பேர்? சாங்கியில் ஆடிய கைதிகளில் பலரைச் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். அதே பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் பல்லாயிரம் பேரும் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம். கைதிகளின் படங்களும் நாட்குறிப்புகளும் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. சாங்கியிலேயே 2021-இல் புதுப்பித்துத் திறந்த ஒன்று உண்டு. லயத்திலிருந்து போனவர்களோடு எந்தப் பாட்டு, எந்த வேடம் போயிற்று என்று சொல்ல அப்படிப்பட்ட ஏடுகள் நமக்கு மிகக் குறைவு. உங்கள் தோட்டத்தில் காமன் கூத்திலோ பொன்னர் சங்கரிலோ வேடங்கட்டிய பெரியவர் இருந்தால், அவர் எந்த மையை எதில் குழைத்தார் என்று பிள்ளைகளை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

எழுதும்போது எல்லாவற்றையும் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. அரிதாரம் பூசுவது என்றால் நடிப்பது என்று பொருள் சொல்கிறோம். அரிதாரம் உண்மையில் கந்தகமும் பாஷாணமும் சேர்ந்த மஞ்சள் கல். செந்தூரம் என்று விற்பதில் ஈயம் இருக்கலாம். அந்த ஓஸ் படத்திலேயே தகர மனிதனாக நடிக்க வந்தவர் அலுமினியப் பொடியைச் சுவாசித்து ஆஸ்பத்திரியில் படுத்தார்; வேறொருவரைப் போட்டுப் படத்தை எடுத்தார்கள். ஆகையால் சுவருக்கு அடிக்கிற வர்ணமும், படம் வரைகிற வர்ணமும், பெயர் தெரியாத பொடியும் பிள்ளைகள் முகத்துக்கு ஆகாது. முகத்துக்கென்றே விற்கிற பூச்சாக இருந்தாலும் முதல்நாள் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி மறுநாள்வரை பாருங்கள். சிவந்து அரித்தால் அதை விட்டுவிடுங்கள். ஒருவர் பூசிய கண்மைக் குச்சியை இன்னொருவர் கண்ணில் வைக்காதீர்கள்.

ஆட்டம் முடிந்ததும் சோப்பைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓட வேண்டாம். முதலில் தேங்காய் எண்ணெயைத் தடவி மெதுவாகத் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தூக்கக் கலக்கத்தில் பிள்ளை அழுதாலும் பூச்சோடு படுக்கவிடாதீர்கள். டோப்பாவை நிழலில் உலர்த்தி, இரண்டு கற்பூரக் கட்டியோடு பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவையுங்கள். அடுத்த ஆண்டு இந்தப் பாட்டியின் தலை இன்னொரு பிள்ளைக்குச் சரியாக இருக்கும்.