மாத்திரையை எண்ணியவர்கள்

காசநோய் நாள் கூட்டத்துக்குப் பத்துப் பேர்தான் வருவார்கள் என்று பந்தயம் கட்டியவர்களைத் தோற்கடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்களே, உங்களுக்கு என் முதல் வணக்கம்!

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘உலக நோய்த் தடுப்பில் ஆராய்ச்சி நிர்வாகம்’. கேட்டவுடன் நோயாளிக்கே கொட்டாவி வரும். பயப்படாதீர்கள், உங்களை ஜெனீவாவுக்குக் கூட்டிப்போக மாட்டேன். நம் சென்னைச் சேத்துப்பட்டு வரைக்கும்தான், கதை நடந்த இடம் அதுதான்.

வருஷம் 1956. காசநோய் வந்தால் ஊரே ஒதுக்கிவைத்த காலம். சானடோரியத்துக்கு அனுப்பு, படுக்க வை, நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு. உலகம் முழுக்க அதுதான் வைத்தியம். நம் தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928-இல் ஒரு சானடோரியம் தொடங்கினாரே, அங்கே ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்றுதான் பேர் இன்றைக்கும். ஆனால் நோயாளிகள் லட்சக்கணக்கில், கட்டில் ஆயிரக்கணக்கில். குடிசையில் இருக்கிறவன் எங்கே போவான்? மருந்துதான் வந்துவிட்டதே, அதை வீட்டிலேயே வைத்துச் சாப்பிட்டால் ஆகாதா?

கேள்வி சின்னது. விடை தேட நாலு பேர் சேர்ந்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நம் சென்னை மாநில அரசு. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில டாக்டர் தலைமை. நாலு முதலாளி சேர்ந்த கடை உருப்படுமா என்று கேட்பீர்கள். உருப்பட்டதய்யா!

193 நோயாளிகள். வீட்டில் யார், சானடோரியத்தில் யார் என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. அங்கே சிபாரிசு செல்லாது! எம்.எல்.ஏ. கடிதம் செல்லாது! ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர் தேறினார்கள், நெருக்கடி மிகுந்த வீடுகளில் நூற்றுக்கு 86 பேர். ஐந்து வருஷம் விடாமல் பின்தொடர்ந்தார்கள். அந்தக் கொஞ்ச வித்தியாசமும் கரைந்துபோனது. கூட இருந்த பிள்ளை குட்டிகளுக்கும் அதனால் நோய் கூடவில்லை. உலகமெங்கும் சானடோரியங்கள் காலியாக நம் சென்னை ஒரு காரணம்!

கை தட்டுங்கள், ஆனால் எனக்கு இல்லை. ஒருவர் இருக்கிறார், அவரைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. ‘பாஸ்’ என்று ஒரு மருந்து அப்போது, வயிற்றைப் புரட்டும். யார் விழுங்குவார்? சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நிற்பார் நம் ஆள், களப்பணியாளர். மாத்திரை எத்தனை மிச்சம் என்று எண்ணுவார். கையில் ஒரு புட்டி. “ஐயா, கொஞ்சம் சிறுநீர் வேணும்.” வாய் சாப்பிட்டேன் என்று சொல்லும். சிறுநீர் பொய் சொல்லாது! அந்தப் புட்டிதான் ஆராய்ச்சி நிர்வாகம். அதைத் தூக்கிக்கொண்டு சந்து சந்தாக அலைந்தவர் பேர் உங்களில் யாருக்காவது தெரியுமா?

இப்போதும் சிலர் நோயாளி வீட்டுக்குப் போகிறார்கள். ஒரு சத்துமாவுப் பொட்டலம், அதைப் பிடிக்க ஏழு கை, எதிரே கேமரா. மறுநாள் படத்தைப் பார்த்தால் எல்லோரும் இருக்கிறார்கள், நோயாளியை மட்டும் காணோம்! எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். பொட்டலத்தைப் பிரித்தால் மாவைவிட அவர்கள் முகம் அச்சடித்த காகிதம்தான் கனமாக இருக்கும். பேர் சொல்ல மாட்டேன். முன்வரிசையில் ஒருவர் செருப்பைத் தேடுகிறார், அது போதும்.

எங்கே விட்டேன்? சேத்துப்பட்டில்தானே! இனி செங்கல்பட்டு. 1968-இல் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி பற்றிய ஆராய்ச்சி. ஒன்றிரண்டு பேர் இல்லை, லட்சக்கணக்கான ஜனம்! கிராமம் கிராமமாக நடந்தது யார்? மறுபடியும் நம் ஆள்தான். 1979-இல் முடிவு வந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. குழந்தைகளுக்கு வருகிற கொடிய காசநோயிலிருந்து காக்கிறது, அதனால் பிறந்த பிள்ளைக்கு ஊசியை விட்டுவிடாதீர்கள். ஆனால் யாருமே விரும்பாத அந்த விடையை மறைக்காமல் உலகத்துக்குச் சொன்னார்களே, அந்த முதுகெலும்புக்கு இன்னொரு கைதட்டல்!

நேரமாகிவிட்டது என்று தலைவர் சீட்டுக் கொடுத்துவிட்டார். வாசல்வாசலாகப் போகிற காசநோய்ப் பணியாளர்களில் பலர் இன்னும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களை நிரந்தரமாக்க வேண்டும், ஆராய்ச்சி அறிக்கையில் அவர்கள் பேரையும் அச்சிட வேண்டும். இதை இந்த மேடையில் தீர்மானமாக முன்மொழிகிறேன். ஆதரிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்!