பாதிக்குப் பாதி

தஞ்சாவூரில் பழைய பேருந்து நிலையத்தையும் காமராஜ் மார்க்கெட்டையும் இடித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். ஐயன்குளத்தைத் தூர் வாரினார்கள். சிவகங்கைக் குளத்திலிருந்து மண்ணுக்கடியில் அதற்குத் தண்ணீர் வந்த பழைய வழியும் துலங்கியது. அந்தக் குளத்து வேலை ஒன்றுக்காகவே மனமாரப் பாராட்டலாம்.

இவற்றையெல்லாம் நடத்தியது தஞ்சாவூர் ஸ்மார்ட் சிட்டி லிமிடெட் என்ற கம்பெனி. அதில் மாநில அரசுக்குப் பாதிப் பங்கு, மாநகராட்சிக்குப் பாதிப் பங்கு. பணத்தில் மத்திய அரசுக்கும் பங்குண்டு. பல கைகள் சேர்ந்தால் வேலை வேகமாக நடக்கும் என்பதுதான் ஏற்பாட்டின் எண்ணம்.

ஆனால் காலக்கணக்கைப் பாருங்கள். தஞ்சாவூர் மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்குத் தேர்வானது 2016 செப்டம்பரில். அடுத்த மாதமே தமிழ்நாட்டு உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடையில் ஐந்தாண்டுக்கு மேல் மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. மாநகராட்சியின் பாதியையும் அரசு அதிகாரிகளே கவனித்தார்கள். எதை இடிப்பது, எதைக் கட்டுவது என்ற பெரிய முடிவுகள் பிறந்த காலம் அது. காகிதத்தில் இரண்டு பங்குதாரர். பேசியது ஒரே குரல். ஊர்க்காரர்களுக்கென்று திட்ட விதிமுறையில் இருந்தது ஆலோசனை மன்றம். அது ஆலோசனை சொல்லலாம். முடிவெடுக்கும் அதிகாரம் அதற்கில்லை.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தலைமடைக்காரர்கள் மட்டும் கூடி முறை வைத்தால், கடைமடை வயல் காயத்தான் செய்யும். மார்க்கெட்டை இடிக்கும் முன், பழைய வியாபாரிக்கு மறுபடி கடை உண்டா, வாடகை கட்டுப்படியாகுமா என்று கேட்க ஒரு கவுன்சிலர் அந்த மேசையில் இருந்திருக்க வேண்டும். கட்டடம் எழுந்ததை மட்டும் வைத்து இந்தக் கூட்டு ஏற்பாடு வென்றது என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2025 மார்ச்சோடு முடிந்தது. கட்டியவை இருக்கின்றன, அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பும் இருக்கிறது. இன்று தஞ்சை மாநகராட்சிக்கு 51 வார்டு உறுப்பினர்கள் உண்டு. 2022 நவம்பர் 1 முதல் நகரங்களில், கிராம சபையைப் போல மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையும் கூடத் தொடங்கியது. உங்கள் பகுதியில் சபை கூடும்போது கட்டாயம் போங்கள். குளத்துக்குத் தண்ணீர் வரும் வழியை யார் காக்கிறார்கள், மார்க்கெட் வாடகையை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.