காதுக்குக் கேட்கும் கோளாறு



அமெரிக்க நாட்டின் பண்ணைப் பிரதேசங்களில், இருபது முப்பது வயதான பெட்ரோல் பிக்கப் வண்டிகள் இன்றும் மூட்டை சுமந்து திரிவது சகஜம். அத்தகைய வண்டியொன்று, நிற்கும்போது குலுங்கித் திணறுவதும், சாலையில் வேகமெடுத்ததும் சாதுவாகிவிடுவதுமாக இருந்து, விற்பனையாளரின் பணிமனையில் ஸ்பார்க் பிளக், காயில், சென்சார் என ஒவ்வொன்றாக மாற்றிப் பணம் கரைந்த பின்னும் அந்த உபாதை தீரவில்லையென்றால், அடுத்தபடியாகச் சந்தேகிக்க வேண்டியது அற்ப விலையுள்ள ஒரு ரப்பர் குழாயை.

எஞ்சின் காற்றை உறிஞ்சும் யந்திரம். எடைக்கணக்கில், ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று அதற்கு வேண்டும். வாக்குவம் குழாய் எனப்படும் அந்த ரப்பர் குழாய் வெடித்துவிட்டாலோ, கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. ஒரு கரண்டித் தண்ணீர் டம்ளர் காபியில் விழுந்தால் ருசி போய்விடும். அண்டாக் காபியில் விழுந்தால் யாருக்குத் தெரியும்? நிற்கையில் எஞ்சின் குடிப்பது டம்ளர் அளவு, ஓடுகையில் அண்டா. ஆகவேதான் நிற்கும்போது திணறல்.

எஞ்சினை ஓடவிட்டு, விசிறியின் அருகே கையோ துணியோ போகாமல் பார்த்துக்கொண்டு, சற்றுக் காது கொடுங்கள். "உஸ்" என்ற சத்தம் கேட்கலாம். அவ்விடத்தில் சிறிது சோப்பு நீர் தெளித்தால், சத்தம் மாறும். எஞ்சினின் ஓட்டமும் மாறும். பிளக் கம்பிகளின்மேல் மட்டும் தெளித்துவிடாதீர்கள்! குழாயின் முனைகளையும் வளைவுகளையும் விரலால் தடவிப் பார்ப்பதும் அவசியம்; எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்ட பிறகு. ரப்பர் பெரும்பாலும் வெடிப்பது அங்கேதான். பணிமனையின் கணினிக் கருவி கோளாறின் குறியெண்ணைச் சொல்லும், குழாயைக் காட்டாது. பாவம், அதற்குக் காதில்லை.