கோபாலும் ராக்காலும்

(கொல்கத்தாவில் நடைபெற்ற மாணவர் பரிசளிப்பு விழாவில், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியரான அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கல்வியின் நோக்கம்" என்று தலைப்புக் கொடுத்து, பதினைந்து நிமிஷம் என்று காரியதரிசி சொல்லியிருக்கிறார். முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவனிடம் பதினைந்து நிமிஷம் கொடுப்பது ஆபத்து என்று அவருக்குத் தெரியும். கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.

தத்துவமாகப் பேசுவதைவிட, இந்த ஊர்க் கதை ஒன்றையே சொல்கிறேன். 2001-ல் பெயர் கொல்கத்தா என்று மாறினாலும், எனக்கு இன்னும் கல்கத்தா என்றுதான் வாயில் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பள்ளிக்கூடத்தில் வங்காளி படித்த நம் குழந்தைகளுக்கு இரண்டு பையன்களைத் தெரிந்திருக்கும். ஒருவன் கோபால், இன்னொருவன் ராக்கால். ஈச்வர சந்திர வித்யாசாகர் 1855-ல் எழுதிய 'வர்ண பரிசய்' என்ற அரிச்சுவடியில் வருகிறவர்கள். கோபால் சமர்த்து. அப்பா அம்மா சொன்னதைச் செய்வான், போட்டதைச் சாப்பிடுவான், கொடுத்ததை உடுத்துவான். பள்ளிக்கூடம் போகும் வழியில் விளையாட மாட்டான். ராக்கால் இதற்கு நேர் எதிர். சொன்ன பேச்சுக் கேட்க மாட்டான், சண்டை போடுவான், புஸ்தகத்தைத் தொலைப்பான். அதனால் ராக்காலை யாருக்கும் பிடிக்காது. இரண்டாம் பாகத்தின் கடைசிப் பாடத்தில் புவன் என்று ஒருவன் வருகிறான். பள்ளிக்கூடத்தில் புஸ்தகம் திருடியபோது வளர்த்த சித்தி கண்டிக்காமல் விட்டாள். பெரிய திருடனாகித் தூக்குமேடைக்குப் போகும்போது, கடைசியாகப் பார்க்க வந்த அவள் காதைக் கடித்துத் துப்பிவிடுகிறான். ஆறு ஏழு வயதுக் குழந்தைக்கு இந்தப் பாடம்! இருந்தாலும் வங்காளத்தில் தலைமுறை தலைமுறையாக இதைப் படித்துத்தான் எழுத்துக் கற்றார்கள்.

விஷயம் இனிமேல்தான். ரவீந்திரநாத தாகூர் 1895-ல் வித்யாசாகரைப் பற்றிச் செய்த சொற்பொழிவில் ஒரு குறும்பு செய்தார். வங்காளத்தில் கோபால்களுக்குப் பஞ்சமே இல்லை, நமக்கு வேண்டியது ராக்கால்கள்தான் என்கிற அர்த்தத்தில் பேசினார். வித்யாசாகரே சின்ன வயதில் ராக்கால்தான் என்று ஆதாரத்தோடு எடுத்துக் காட்டினார். அப்பா தாகுர்தாஸ் எதைச் சொன்னாலும் பிள்ளை அதற்கு மாறாகச் செய்வானாம். குளிக்க வைக்க வேண்டுமென்றால், "இன்றைக்கு நீ குளிக்கக் கூடாது" என்று அப்பா சொல்ல வேண்டியிருந்ததாம். இப்படிப்பட்ட பிள்ளை, பெரியவனானதும் கோபாலைப் புகழ்ந்து பாடம் எழுதினார்.

எந்த ராக்கால் என்று பார்க்க வேண்டும். 1820-ல் பீர்சிங்க கிராமத்தில் ஏழைப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். எட்டு வயதில் அப்பாவோடு கல்கத்தாவுக்கு நடந்தே வந்தபோது, வழியில் மைல்கற்களைப் பார்த்தே ஆங்கில எண்களைக் கற்றுக்கொண்டார் என்பது பிரசித்தமான கதை. சமஸ்கிருதக் கல்லூரியில் படித்து 1839-ல் வித்யாசாகர் பட்டம் பெற்றார். 1851-ல் அதே கல்லூரிக்கு முதல்வரானார். அங்கே அவர் செய்த காரியங்களைக் கேட்டால் நம்மில் பலருக்குக் கொஞ்சம் நெளிய வேண்டியிருக்கும்.

அதுவரை கல்லூரிக்கு விடுமுறை பிரதமையும் அஷ்டமியும். நம் பாடசாலை அனத்தியயனம் மாதிரியேதான். அதை எடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை லீவு என்றார். பிள்ளைகள் வருஷக்கணக்கில் வியாகரண சூத்திரங்களை அர்த்தம் தெரியாமல் உருப்போட்டுக்கொண்டிருந்தார்கள். வங்காளியிலேயே விளக்கி 'உபக்ரமணிகா' என்ற எளிய இலக்கணம் எழுதினார். ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கினார். இதெல்லாம்கூடப் போகட்டும். 1824-ல் ஆரம்பித்ததிலிருந்து அந்தக் கல்லூரியில் பிராமணர்களும் வைத்தியர் சாதியினரும் மட்டும்தான் படிக்கலாம். வித்யாசாகர் 1851-ல் காயஸ்தர்களுக்குக் கதவைத் திறந்தார். 1854-ல் மரியாதையுள்ள எல்லா இந்துக் குடும்பத்துப் பிள்ளைகளும் வரலாம் என்றானது. கல்லூரிப் பண்டிதர்கள் எதிர்த்தார்கள். சாஸ்திரத்தை அவர்களைவிட நன்றாகப் படித்தவர் இவர்; சாஸ்திரத்தை வைத்தே பதில் சொன்னார்.

மகான் என்று மாலை போட்டுவிட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை. 1855-ல் பொற்கொல்லர்–வணிகர் சாதியைச் சேர்ந்த ஒருவர் சேர விரும்பியபோது, அவர்கள் சமூகத்தில் மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கிறார்கள், சேர்த்தால் மற்றவர்கள் மனம் புண்படும் என்று அதே வித்யாசாகர் ஆட்சேபித்தார். எவ்வளவு பெரியவர்களுக்கும் கால் நிற்கிற ஓர் இடம் இருக்கிறது. மற்றவர்கள் நின்ற இடத்தைத் தாண்டி அவர் எத்தனை தூரம் நடந்தார் என்பதையும் பார்க்க வேண்டும், அவர் எங்கே நின்றார் என்பதையும் பார்க்க வேண்டும்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிந்ததே. பராசர ஸ்மிருதியை எடுத்துக்கொண்டு, விதவைகள் மறுமணம் செய்யலாம் என்று வாதாடினார். ஆதரித்துக் கையெழுத்துப் போட்டவர்களைவிட எதிர்த்துப் போட்டவர்கள் பல மடங்கு. 1856-ல் சட்டம் வந்தது. 1870-ல் தன் ஒரே பிள்ளைக்கே ஒரு விதவைப் பெண்ணைக் கல்யாணம் செய்து வைத்தார். 1857-58-ல் ஏழே மாதத்தில் ஜில்லாக்களில் 35 பெண்கள் பள்ளிக்கூடங்களைத் திறந்தார். சர்க்கார் பணம் தரத் தயங்கியது. 1858-ல் மாதம் 500 ரூபாய் சம்பளத்தை உதறிவிட்டு வெளியே வந்தார். அந்தக் காலத்து 500 ரூபாய்! நம்மாத்துப் பெரியவர்கள் கேட்டிருந்தால், "படிச்ச முட்டாள்" என்றிருப்பார்கள்.

சொன்ன பேச்சைக் கேட்கும் குழந்தையை உருவாக்குவதுதான் பள்ளிக்கூடத்தின் தர்மம் என்று அவருடைய அரிச்சுவடி சொல்கிறது. தப்பு என்று பட்டால் தன் மனுஷாளிடமே மாட்டேன் என்று சொல்லத் தெரிய வேண்டும் என்று அவர் வாழ்க்கை சொல்கிறது. இந்த இரண்டில் எது நமக்கு வேண்டும்?

நம்முடைய பழைய கதைகளையே பாருங்கள். நசிகேதஸ் என்ன செய்தான்? பால் வற்றிப்போன பசுக்களை அப்பா தானம் கொடுப்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. பிரகலாதன் கதையில் பள்ளிக்கூடமே வருகிறது. சண்டன், அமர்க்கன் என்று இரண்டு வாத்தியார்கள், பாடத் திட்டம், தகப்பனாரே வந்து எடுக்கும் பரீட்சை, எல்லாம் உண்டு. அந்தப் பரீட்சையில் ஃபெயிலான பையனைத்தான் நாம் கும்பிடுகிறோம். தைத்திரீய உபநிஷத்தின் சீக்ஷாவல்லியில், படிப்பு முடிந்து வீட்டுக்குப் புறப்படும் சிஷ்யனிடம் ஆசாரியர், எங்களிடம் நல்ல நடத்தை எது உண்டோ அதை மட்டும் எடுத்துக்கொள், மற்றதை விட்டுவிடு என்று சொல்லியனுப்புகிறார். அதாவது, வாத்தியாரையே எடைபோடும் அதிகாரத்தை வாத்தியாரே கொடுக்கிறார். இந்த வாக்கியத்தைப் பாராயணம் பண்ணுகிற நாம், "எதிர்த்துப் பேசாதே" என்றுதான் குழந்தையை வளர்க்கிறோம்.

தாகூருக்குப் பள்ளிக்கூடம் என்றாலே ஆகாது. நாலு பள்ளிக்கூடங்களுக்குப் போய் எதிலும் நிற்கவில்லை. அவரே 1901-ல் சாந்திநிகேதனில் ஐந்து பிள்ளைகளோடு பிரம்மசரிய ஆசிரமம் ஆரம்பித்தார். பழைய குருகுலத்தை மீட்க வேண்டும் என்று அப்போது ஆசை. அடுத்த வருஷமே ஒரு சங்கடம் வந்தது. பிராமணரல்லாத ஆசிரியர் ஒருவர் வந்தார். பிராமண மாணவன் அவர் காலைத் தொட்டு வணங்கலாமா? அன்றைய தாகூர் கொடுத்த பதில், பிராமண ஆசிரியரின் காலைத் தொடலாம், மற்றவருக்கு நமஸ்காரம் மட்டும் போதும் என்பது. பின்னாளில் உலகத்தையே அழைத்து விசுவபாரதி நடத்திய அதே தாகூர்தான்! அவருக்கு அந்த இடத்திலிருந்து வெளியே வரச் சில வருஷங்கள் பிடித்தன. ஆனால் வந்தார்.

நம் பக்கத்தில் இதே சங்கடம் வந்தபோது என்ன ஆயிற்று என்று சொல்லாமல் போனால் நான் நேர்மையானவன் இல்லை. சேரன்மாதேவி குருகுலம். வ.வே.சு. ஐயர் 1922-ல் கல்லிடைக்குறிச்சியில் ஆரம்பித்துச் சேரன்மாதேவிக்குக் கொண்டுபோனது. தேசபக்தியில், தமிழ்ப் புலமையில், தியாகத்தில் ஐயருக்கு நிகர் சொல்வது கஷ்டம். குருகுலத்தில் தேகப்பயிற்சி, தொழில், தமிழ் என்று பாடத்திட்டம் அருமையாக இருந்தது. பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள் என்று இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு. அந்த ஒரு பந்தி போதும் என்றாகிவிட்டது. காங்கிரஸ் பணம் கொடுத்திருந்த பள்ளிக்கூடம். டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் கேள்வி கேட்டார்கள். 1925-ல் காந்திஜி வரை போயிற்று. அந்த ஜூன் மாதம் பாபநாசத்தில் நீரில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் ஐயரும் உயிரை விட்டார். தமிழ்நாட்டு அரசியலே அந்தச் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வேறு பக்கம் திரும்பியது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஐயர் தனிப்பட்ட முறையில் சாதி பார்க்காதவர் என்பது எல்லோருக்கும் தெரியும். கொடுத்த வாக்கு என்று நினைத்தார். என் அபிப்பிராயம், அவர் அன்றைக்கு அந்தப் பெற்றோரிடம் கோபாலாக இருந்துவிட்டார்.

காலையில் வகுப்பில் என்ன சமத்துவப் பாடம் நடத்தினாலும், மத்தியானம் எந்த வரிசையில் உட்கார வைத்தார்கள் என்பதைத்தான் பிள்ளை ஞாபகம் வைத்துக்கொள்கிறான்.

நல்ல உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. சகோதரி சுப்புலட்சுமி. பால்ய விதவை. 1911-ல் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண்மணி. விதவைக் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு படிக்க வைத்தார். பிறகு திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸில் விடுதி நடந்தது. இப்போது விவேகானந்தர் இல்லம் இருக்கும் கட்டடம். நம்மவர்களே அந்தப் பெண்களை அமங்கலம் என்று ஒதுங்கிப்போன காலம். அங்கே படித்த பெண்கள் வாத்தியார்களாகப் போய் ஊர் ஊராகப் பாடம் சொன்னார்கள். நம்முடைய சொந்த ராக்கால் அவர்.

வேலையில் இருந்தபோது பெற்றோர் கூட்டங்களில் என்னிடம் வந்த கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். "எத்தனை மார்க்?" "சொன்னதைக் கேட்கிறானா?" வங்காளியானாலும் மார்வாடியானாலும் நம்மவரானாலும் வித்தியாசமில்லை. பக்கத்துப் பெஞ்சுப் பையனோடு எப்படி இருக்கிறான், கேலி செய்கிற கூட்டத்தில் சேர்கிறானா, தனியாக நிற்கிற பையனுக்குத் துணை போகிறானா என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நம் குழந்தைகள் நன்றாகப் படிக்கிறார்கள், நல்ல வேலைக்குப் போகிறார்கள், அதில் எனக்கும் பெருமைதான். லேக் மார்க்கெட் பக்கத்தில் எத்தனை வீடுகளில் பெரியவர்கள் மட்டும் இருக்கிறார்கள் என்று பார்த்தாலே அது தெரியும்.

இப்போது செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். மேடையில் வைத்துக் கேட்பது நாகரிகமில்லை என்று தெரியும். ஆனால் தனியாகக் கேட்டால் "பார்க்கலாம் சார்" என்பார்கள்.

இந்தக் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற நம் குழந்தைகளுக்குக் கணக்கும் ஸயன்ஸும் சொல்லிக்கொடுக்கிறோம். நானும் போகிறேன். போன தடவை எட்டுப் பேர் வந்தார்கள், நாற்காலி நாற்பது இருக்கிறது. கீழே வாட்ச்மேனின் பெண் எட்டாவது படிக்கிறாள். சமையற்கட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளின் பையன் ஒன்பதாவது. நாங்கள் பாடம் நடத்தும்போது அவன் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களையும் உள்ளே உட்கார வைக்கலாமா? நம் விதிமுறைகளில் "அங்கத்தினர் குழந்தைகளுக்கு" என்று இருப்பது எனக்குத் தெரியும். அதை எழுதின குழுவில் நானும் இருந்தேன். உபகாரச் சம்பளத்தைப் பற்றி நான் இப்போது பேசவில்லை. அது கொடுத்தவர்கள் விருப்பப்படி ஏற்பட்ட நிதி. நாற்காலியைப் பற்றி மட்டும்தான் கேட்கிறேன். சமஸ்கிருதக் கல்லூரி 1851-ல் திறந்த கதவு இங்கிருந்து ஒரு பஸ் தூரத்தில்தான் இருக்கிறது.

வெளியூர்க் கிளைகளிலும் இந்த மாதிரி வகுப்புகள் நடப்பதாகப் பத்திரிகையில் படிக்கிறேன். உங்கள் ஊரில் யாரெல்லாம் வருகிறார்கள், ஆட்சேபம் வந்தால் எப்படிச் சமாளித்தீர்கள் என்று யாராவது எழுதினால், அதை அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டுகிறேன். ஆட்சேபம் உள்ளவர்களும் எழுதலாம். அதையும் படிக்கிறேன்.

காரியதரிசி எழுந்து நின்றுவிட்டார். குழந்தைகளுக்குப் பசி வேறு, உள்ளேயிருந்து பூரி வாசனை வருகிறது. பரிசு வாங்குகிறவர்கள் பெயர் கூப்பிடும்போது ஒவ்வொருவராக மேடைக்கு வாருங்கள். ஓடி வந்தாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.