கண்காட்சியில் முதலில் உங்க ஆயா குரல் கேட்கட்டும்

வடசென்னையின் உரிமைப் போராட்டங்கள் பற்றிப் பல்லூடகக் கண்காட்சி உருவாக்கும் மாணவர்களிடம், திருவொற்றியூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்:



உரிமைப் போராட்டம்னு சொன்னதும் மார்ட்டின் லூதர் கிங் படத்தை முதல்ல ஒட்டியிருக்கீங்க. நல்லது. 1963-ல் வாஷிங்டன்ல அவர் பேசிய பேச்சு உலகத்துக்கே சொந்தம். ஆனா அந்தப் படத்துக்குப் பக்கத்துல நம்ம மூலகொத்தளம் இடுகாட்டுப் படமும் இருக்கணும்.

ஏன்? கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறை போன இளைஞர் நடராசன் 1939 ஜனவரி 15-ல் உயிரிழந்தார். அதே ஆண்டு மார்ச்சில் தாளமுத்து. இருவரின் நினைவிடமும் அங்கேதான் இருக்கு. தினமும் அந்த வழியா பஸ்ஸுல போறோம். எத்தனை பேர் இறங்கிப் பார்த்திருக்கோம்?

1938 நவம்பர் 13-ல் வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடை கொட்டகையில் பெண்கள் மாநாடு கூடியது. மறுநாளே மறியல் செய்து, கைக்குழந்தையோடு சிறைக்குப் போனாங்க பெண்கள். உங்க கண்காட்சியில் அந்தத் தாய்மாருக்கு ஒரு சுவர் ஒதுக்குங்க.

பெரம்பூருக்கு வாங்க. 1918 ஏப்ரல் 27-ல் பின்னி ஆலைத் தொழிலாளிகளுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்றார்கள். 1920-ல் சங்கத் தலைவர்களுக்கு எதிரா நீதிமன்றத் தடை வந்தது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்த பிறகுதான் சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைச்சுது. நம்ம தெருவுல தொடங்கிய சண்டை, நாட்டுக்கே சட்டமாச்சு.

மீனவக் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர் 1923-ல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். சரியா நூறு வருஷம் கழிச்சு, 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் நம்ம சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதிச்செழுந்தன. மே 1-ல் அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. இந்த இரண்டு மே நாளையும் எதிரெதிரா வையுங்க. வாங்கின உரிமையைக் காவல் காக்கணும்னு பார்க்கிறவங்களுக்குத் தானா புரியும்.

அதே ஆண்டு டிசம்பர் 26 இரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் மூச்சுத் திணறி ஓடினாங்க. நல்ல காற்றும் உரிமைதானே தோழர்களே? அதுவும் உங்க கண்காட்சியில் வரணும்.

இப்போ வேலையைப் பேசுவோம். ஆயிரம் படம் வேணாம். ஆயாகிட்ட உட்காருங்க. பின்னியில் வேலை பார்த்த பெரியவர், காசிமேட்டில் மீன் விற்ற அம்மா, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் — இவங்களைத் தேடிப் போங்க. முதல்ல அனுமதி கேளுங்க. போனை விமானப் பயன்முறையில் போட்டுப் பதிவு பண்ணுங்க. நாள், இடம், பேசியவர் பேர் எழுதி வையுங்க. பேர் வேணாம்னு சொன்னா, போடாதீங்க. மூணு நிமிஷக் குரலை க்யூஆர் கோடா ஒட்டினா, பார்க்கிறவங்க தங்களோட போன்லயே கேட்கலாம்.

வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே சுவரில் ஏத்தாதீங்க. தேதியைக் கன்னிமாரா நூலகத்தில், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில், தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் சரிபாருங்க. ஒரு தேதி தப்பானா, மொத்தமும் கட்டுக்கதைன்னு சொல்ல ஆள் காத்திருக்கு.

இன்னொண்ணு, மனசு விட்டுச் சொல்றேன். எங்க படங்களைப் பெருசா வைக்காதீங்க. வாசலில் எங்க பேனர் வேணாம். பேர் தெரியாத தொழிலாளியோட முகம் இருக்கட்டும்.

படிக்கிற தோழர்களே, உங்க வீட்டிலும் ஒரு பெரியவர் இருப்பாங்க. இந்த ஞாயித்துக்கிழமை அரை மணி நேரம் உட்கார்ந்து கேளுங்க. அவங்க போயிட்டா, அந்த வரலாறும் கூடவே போயிடும்.

கேட்போம்! பதிவு செய்வோம்! உரிமை காப்போம்!