சட்டைப் பைக்கு எத்தனை மில்லிமீட்டர்?

சுவிட்சர்லாந்தின் டெலெமோன் நகரில் இயங்கிவந்த வெங்கர் நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் ஒரு மடக்குக் கத்தியை வெளியிட்டது. அதில் 87 கருவிகள். அவற்றைக் கொண்டு 141 வேலைகள் செய்யலாம் என்று கணக்குச் சொன்னார்கள். எடை ஒரு கிலோவுக்கும் மேல். கின்னஸ் புத்தகத்தில் இடம் கிடைத்தது, சட்டைப் பையில் கிடைக்கவில்லை. பேனாக்கத்தி வாங்கப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்வி “இதில் எத்தனை அயிட்டம் இருக்கிறது?” என்பதுதான். அந்தக் கேள்வியைக் கடைசிவரை கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கத்தியே சாட்சி.

‘சுவிஸ் ராணுவக் கத்தி’ எனப்படும் இந்த வகை பிறந்தபோது யாரும் கருவிகளை அடுக்கிக்கொண்டே போகவில்லை. 1889-இல் சுவிஸ் ராணுவத்துக்குப் புதுத் துப்பாக்கி வந்தது. அதைக் கழற்றிப் பூட்டத் திருப்புளி வேண்டும். சாப்பாடு டின்னில் வந்தது, அதைத் திறக்கவும் ஒன்று வேண்டும். வெட்டும் அலகு, குத்தூசி, டின் திறப்பான், திருப்புளி என நான்கே உறுப்புகளோடு சிப்பாய்க் கத்தி தயாரானது. தொடக்கத்தில் அதைச் செய்துகொடுத்தது ஜெர்மனியின் சோலிங்கன் நகரம். 1891-இல்தான் இபாக் ஊரைச் சேர்ந்த கார்ல் எல்செனர் உள்நாட்டிலேயே செய்து தரத் தொடங்கினார். அவருடைய பட்டறைதான் இன்றைய விக்டோரினாக்ஸ்.

சிப்பாய்க் கத்தி உறுதியானது, ஆனால் கனமானது. அதனால் எல்செனர் 1897-இல் மெலிதான இன்னொரு கத்தியைப் பதிவு செய்தார். கைப்பிடியின் முதுகில் இருக்கும் ஸ்பிரிங்கை இரண்டு பக்கமும் வேலை வாங்கியதுதான் அவருடைய சாமர்த்தியம். இரண்டே ஸ்பிரிங்கில் ஆறு கருவிகள் அடங்கின. ‘அதிகாரிகள் கத்தி’ என்று பெயர் வைத்தாலும் ராணுவம் அதை யாருக்கும் வழங்கவில்லை, அதிகாரிகள் சொந்தக் காசில்தான் வாங்கிக்கொண்டார்கள். ஒயின் பாட்டிலின் கார்க்கை எடுக்கும் திருகு அதில்தான் இருந்தது. சிப்பாய்க்கு அந்தச் சலுகை இல்லை!

அளவு பார்க்க வேண்டியவர் இந்த ஸ்பிரிங் சங்கதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மூடிய கத்தியின் நீளம் ஒரு அளவு, தடிமன் இன்னொரு அளவு. நீளத்தைப் பொறுத்துத்தான் கைப்பிடிப்பும் அலகின் நீளமும் அமையும். தடிமன், உள்ளே எத்தனை ஸ்பிரிங் அடுக்கு என்பதைச் சொல்லும். விளம்பரப் பட்டியல் கூடக் கூட ஏறுவது பெரும்பாலும் தடிமன்தான்.

சாவிக்கொத்தில் தொங்கும் குட்டி ரகத்தை எடுத்துக்கொள்வோம். நீளம் 58 மில்லிமீட்டர், எடை சுமார் 21 கிராம். ஏழு பயன் என்று அட்டையில் போட்டிருக்கும். அலகு, கத்தரி, நுனியில் திருப்புளியோடு நக அரம், சாமணம், பல்குச்சி, இவற்றோடு சாவி வளையத்தையும் ஒரு பயனாக எண்ணியிருப்பார்கள். வளையத்தையெல்லாம் கணக்கில் சேர்ப்பது கொஞ்சம் ஓவர்தான். ஆனால் அந்தக் கத்தரி அசல் சரக்கு. பிரிந்து நிற்கும் நூல், மாத்திரை அட்டை, பால் பாக்கெட் எதுவானாலும் சுத்தமாக வெட்டும். அலகு மட்டும் விரல் நீளம்கூட வராது. ஒரு மாம்பழத்தை நறுக்கப் போனால் கைப்பிடி வரைக்கும் சாறு இறங்கிவிடும். அட்டைப் பெட்டியை அழுத்தி அறுக்கும்போது பிடி இரண்டு விரலுக்குள் தடுமாறும்.

அடுத்தது 91 மில்லிமீட்டர். அந்த அதிகாரிகள் கத்தியின் நேர் வாரிசு இதுதான். உள்ளங்கையில் நான்கு விரலும் பதியும். பெரிய அலகு ஆறு சென்டிமீட்டருக்கு மேல் வரும். ஆகவே பழம், ரொட்டி, கயிறு எதற்கும் தயங்காது. ஆனால் இதே நீளத்தில் ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. ஸ்பார்ட்டன் என்ற மாதிரி ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் தடிமன், 60 கிராம். கத்தரியும் மரம் அறுக்கும் ரம்பமும் சேர்ந்த ஹன்ட்ஸ்மேன் 21 மில்லிமீட்டர், நூறு கிராமுக்குச் சற்றுக் குறைவு. 33 பயன் கொண்ட சுவிஸ் சாம்ப் 33 மில்லிமீட்டர், 185 கிராம். உருப்பெருக்கிக் கண்ணாடி, மீன் செதில் சுரண்டி, சிறு குறடு எல்லாம் அதில் உண்டு. பையில் போட்டால் சட்டை ஒருபக்கம் இழுக்கும். அதைவிட முக்கியம், கையில் பிடித்து அறுக்கும்போது அது சதுரக் கட்டையாக இருக்கும். அலகு அதே அலகுதான், பிடிதான் மாறிவிட்டது. அன்றாடப் புழக்கத்துக்கு ஹன்ட்ஸ்மேன் தடிமனுக்கு மேலே போக வேண்டியதில்லை. ஊர் சுற்றாதவர், மரக்கிளை அறுக்காதவர் ரம்பத்தைக்கூட விட்டுவிடலாம்.

கடையில் வாங்கும்போது நகப் பள்ளத்தில் பெருவிரல் நகத்தை வைத்து ஒவ்வொரு கருவியையும் திறந்து பார்ப்பது நல்லது. புதுக் கத்தியில் ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கும். அடுக்கு நெருக்கமான கத்தியில் ஒன்றைத் திறக்கப் போனால் பக்கத்துக் கருவியில் நகம் மாட்டும். அவசரத்தில் திறக்க முடியாத கருவி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

111 மில்லிமீட்டர் ரகம் வெளிவேலைக்கானது. 2008-இல் சுவிஸ் ராணுவமே பழைய 93 மில்லிமீட்டர் அலுமினியக் கைப்பிடிக் கத்தியை விட்டு இந்த நீளத்துக்கு மாறியது. ஒரு கையாலேயே திறக்கலாம், திறந்த அலகு பூட்டிக்கொள்ளும், எடை 131 கிராம். கையுறை போட்டவருக்கு இது வரம். ஆனால் பிரிட்டனுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். பொது இடத்தில் தக்க காரணமின்றி வைத்திருக்க, அங்கே மடங்கும் அலகின் வெட்டு விளிம்பு மூன்று அங்குலத்தைத் தாண்டக்கூடாது, அலகு பூட்டிக்கொள்ளவும் கூடாது. 91 மில்லிமீட்டர் கத்தி இந்த இரண்டு நிபந்தனையிலும் தேறும். பூட்டுள்ள 111 தேறாது.

ஆணி பிடுங்குவதும் கம்பி முறுக்குவதும்தான் வேலை என்றால் இந்தக் குடும்பத்திலேயே தேட வேண்டாம். அமெரிக்காவின் டிம் லெதர்மேன் 1983-இல் குறட்டை நடுவில் வைத்து வேறொரு வம்சத்தையே தொடங்கிவிட்டார். அதன் இடம் சட்டைப் பை அல்ல, இடுப்பு பெல்ட்.

விமானத்தில் ஏறும்போது மட்டும் இந்த மில்லிமீட்டர் கணக்கெல்லாம் செல்லாது. ஆறு சென்டிமீட்டருக்குக் குறைவான சிறு அலகுகளைக் கைப்பையில் அனுமதிக்கலாம் என்று 2013-இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் முன்வந்தது. விமானப் பணியாளர்கள் கடுமையாக எதிர்க்கவே, சில மாதத்திலேயே அது கைவிடப்பட்டது. விமானப் பயணிகளை நினைத்து விக்டோரினாக்ஸ் 58 மில்லிமீட்டரில் ஒரு மாதிரி செய்து விற்கிறது. கத்தரி உண்டு, திருப்புளி உண்டு, பாட்டில் திறப்பான் உண்டு. கத்திதான் இல்லை.